சங்கிலியா, ஓடுகம்பியா, அடைத்த வளவா? வீரனை வைத்து ஓர் அலசல்

எங்கள் நாய் வீரனை மூன்று வருடம் சங்கிலியில் கட்டி வைத்தோம். பிறகு இரண்டு மாதம் ஓடுகம்பியில் விட்டோம், அதாவது இரண்டு மரங்களுக்கு நடுவே கம்பி இழுத்து, அதில் வளையம் போட்டுச் சங்கிலியைக் கொழுவினோம். இப்போது வீட்டு வளவைச் சுற்றி அடைத்துவிட்டு அவிழ்த்து விட்டிருக்கிறோம். என் மனம் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வளவு அடைக்க வசதி இருந்தால் அதைச் செய்யுங்கள்.

சங்கிலியின் நன்மை எல்லாருக்கும் தெரியும். செலவு குறைவு, படலை திறந்து கிடந்தாலும் நாய் றோட்டுக்குப் போகாது. கெடுதலும் தெரிந்ததுதான். குட்டி வளர வளரக் கழுத்துப்பட்டி இறுகும். மதிலோரம் கட்டினால் பாய்ந்து மறுபக்கம் தொங்கிவிடும். பட்டிக்குள் இரண்டு விரல் நுழைகிறதா என்று கிழமைக்கு ஒருதரம் பார்த்தால் முதலாவதைத் தவிர்க்கலாம்.

ஆனால் நிழலைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. நாங்களும் யோசிக்கவில்லை. மாமரத்தில் கட்டினால் சங்கிலி அடிமரத்தைச் சுற்றிக்கொள்கிறது என்று, மரத்துக்கு மேற்கே ஒரு கட்டை நட்டு அதில் கட்டினோம். காலை ஏழு மணிக்குப் பார்த்தால் அருமையான நிழல். மத்தியானம் திரும்பியதும் அந்த நிழல் மரத்துக்குக் கிழக்கே போய்விடும். சங்கிலி அங்கே எட்டாது.

ஒரு வைகாசி, கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்று அடிக்கிற நாள். கலியாண வீட்டுக்குப் போய்விட்டு இரண்டு மணிக்கு வந்தோம். தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. சங்கிலி கட்டையில் நாலு சுற்றுச் சுற்றி, ஒரு முழம்தான் மிச்சம். வீரன் நாக்கை முழுக்கத் தொங்கவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். எச்சில் நூலாக வடிந்தது, பல் முரசு செங்கல் நிறம். அவன் படுத்திருந்த மணலில் என்னால் உள்ளங்கையை வைக்க முடியவில்லை. கிணற்றுத் தண்ணீரை வயிற்றிலும் காலிலும் ஊற்றி, ஓட்டோவில் மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடினோம். பிழைத்துவிட்டான். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். உடல் வெப்பம் 38, 39 பாகை செல்சியஸ் இருக்க வேண்டியது 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகளே பழுதாகும். அவிழ்ந்திருக்கிற நாய் நிழலைத் தேடி எழுந்து போகும். கட்டிய நாய் நாங்கள் காலையில் தேர்ந்த இடத்திலேயே கிடக்கும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 2017இல் வந்த சட்டம் இதை அளந்தே எழுதியிருக்கிறது: ஒரு நாளில் 9 மணித்தியாலத்துக்கு மேல் வெளியே கட்டி வைக்கக் கூடாது, வெப்பம் ஏறத்தாழ 32 பாகையைத் தாண்டினால் அரை மணித்தியாலம்தான். அந்தக் கணக்கை இங்கே வைத்துப் பார்த்தால், வைகாசி முதல் ஆவணி வரை திருகோணமலையில் பெரும்பாலான பகல்களில் நாயை அரை மணித்தியாலத்துக்கு மேல் கட்டவே முடியாது.

இலங்கையில் அப்படி நேரம் குறித்த சட்டம் இல்லை. இருப்பது 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம். தண்ணீரில்லாமல் வாட விடுவது அதில் அடங்கும். ஆனால் தண்டப்பணம் 100 ரூபாய்தான், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. புதிய விலங்கு நலச் சட்டமூலத்துக்கு 2016இல் அமைச்சரவை அனுமதி கொடுத்தது, ஆனால் நான் அறிந்த வரை அது இன்னும் சட்டமாகவில்லை. ஆகவே கட்டி வைப்பது குற்றமில்லை. அதற்காக அது சரியாகிவிடாது.

ஓடுகம்பி நிச்சயம் ஒரு படி மேல். நாய் நடக்கும், ஓடும். இரண்டு முனையிலும் தடுப்பு வைக்காவிட்டால் மரத்தில் சுற்றும். கடற்காற்றில் வளையம் துருப்பிடித்து இறுகும். இரண்டு மாத அனுபவத்தில் இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நாள் முழுக்க நிழல் விழும் நீளமான இடம் இருந்தால் போதுமானதாக இருக்கலாம்.

பெரியம்மா மட்டும் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. "கட்டி வளத்தாத்தான் பிள்ளை, நாய் ரோசமா நிக்கும்" என்பார். அந்த ரோசம்தான் எனக்குப் பயம். விலகி ஓட வழியில்லாத நாய்க்குக் கடிப்பது ஒன்றுதான் மிச்சம், பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைகளோ பந்தெடுக்க உள்ளே வருவார்கள்.

அடைப்பதில் செலவு உண்டு, பொய் சொல்லமாட்டேன். பழைய கிளுவை வேலியின் உட்பக்கம் கம்பி வலை அடித்தோம். உப்புக்காற்றில் வலையின் அடிப்பகுதிதான் முதலில் உக்கும். அங்கேதான் அவனும் கிண்டுவான். அதனால் அடியில் கருங்கல் வரிசை வைத்தோம்; மாரி முடிந்ததும் ஒருதரம் சுற்றிப் பார்த்துத் துருவேறிய இடத்தைக் கட்டுகிறோம். படலைக்கு ஸ்பிரிங் போட்டாயிற்று, யார் திறந்து வந்தாலும் தானாகச் சாத்திக்கொள்ளும். நகரத்துக்குள் மான்கள் உலாவுகிற ஊர் இது. நாயை வெறுமனே றோட்டில் அவிழ்த்துவிடுவதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை.

காலையில் மாமரத்தடி, மத்தியானம் கிணற்றடி ஈரமண், பின்னேரம் விறாந்தைப் படி என்று வீரன் இப்போது தானே இடம் மாறிப் படுக்கிறான். காஸ் சிலிண்டர் இறக்க வருகிற நாளில் மட்டும் பழைய சங்கிலியை எடுக்கிறோம். கால் மணி நேரம், கிணற்றடி நிழலில், நான் பக்கத்தில் நிற்க.