இல்லஸ்ட்ரேட்டர் மெஷ் டூல்: போட்டோவையே வைத்திருக்கலாமே?

சிவகாசியில் காலண்டர், லேபிள், கேட்லாக் என்று டிசைன் வேலை பார்க்கிறவன் நான். பிழைப்பு ஓடுவது கோரல்ட்ரா என்கிற டிசைன் மென்பொருளில். ஒரு பாத்திரக்கடை கேட்லாக் அட்டைக்குப் பித்தளைச் செம்பு ஒன்றை மட்டும், போனில் எடுத்த போட்டோவைப் பார்த்து, அதேபோன்ற அடோபி இல்லஸ்ட்ரேட்டரின் கிரேடியன்ட் மெஷ் என்கிற டூலில் வரைந்தேன். திரையில் பார்த்த கடைக்கார அண்ணாச்சி, "போட்டோ நல்லாத்தானே இருக்கு தம்பி, அதையே வச்சிருக்கலாமே?" என்றார். நியாயமான கேள்வி. பதில் சொல்லும் முன் டூலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

1998-இல் வந்த இல்லஸ்ட்ரேட்டர் 8-இல் சேர்ந்தது இது. அடிப்படை இன்றும் அதேதான். வடிவத்தின் மேல் ஒரு வலை விரியும். கோடுகள் சந்திக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் கொடுக்கலாம். பக்கத்துப் புள்ளியின் நிறத்தோடு அது தானாகக் கலந்துகொள்ளும். கீபோர்டில் யு அழுத்தி உள்ளே கிளிக் செய்தால் புள்ளி விழும். ஷிஃப்டோடு கிளிக் செய்தால் நிறம் மாறாமல் புள்ளி மட்டும் விழும். ஆல்ட்டோடு செய்தால் இருந்த புள்ளி போய்விடும். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் புள்ளி கோட்டை விட்டு விலகாமல் நகரும். இந்த நாலும் கைக்குப் பழகிவிட்டால் டூல் வசப்பட்டது. மீதி எல்லாம் கண்ணுக்குத்தான் வேலை.

செம்பை ஒரே மெஷ்ஷாகப் போடக்கூடாது. வாய், கழுத்து, வயிறு, அடி என்று தனித்தனியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பித்தளை மஞ்சள் என்று வாய் சொல்லும். கண் வேறு சொல்லும். வயிற்றின் இடது ஓரத்தில் கறுப்புக்குப் பக்கமான காப்பி நிறம், அதை ஒட்டினாற்போல் சுத்த வெள்ளை, அப்புறம் பச்சை தட்டிய மஞ்சள், கீழே தரையின் சிவப்பு. நிறம் மெதுவாக மாறும் வயிற்றுப் பகுதியில் புள்ளிகள் தள்ளித்தள்ளி இருந்தால் போதும். கழுத்தில் வெளிச்சம் வெட்டினாற்போல் மாறுகிற இடத்தில் இரண்டு கோடுகளை மயிரிழை இடைவெளியில் நெருக்கி வைக்க வேண்டும். அந்த நெருக்கம் கொஞ்சம் தளர்ந்தாலும் பித்தளை போய் பிளாஸ்டிக் வந்துவிடும். இந்த விஷயத்தில் டூலுக்கு முழு மதிப்பெண்.

குறைகளும் இருக்கின்றன. ஓட்டையுள்ள வடிவத்தில், அதாவது காம்பவுண்ட் பாத்தில், மெஷ் ஏறாது. கைப்பிடி வைத்த பாத்திரம் என்றால் துண்டு துண்டாக வரைந்து அடுக்க வேண்டியதுதான். எஸ்விஜி என்கிற இணையப் படக்கோப்பாக ஏற்றுமதி செய்தால் மெஷ் பிக்சல் படமாக மாறிவிடும். வெக்டர் வேலையின், அதாவது பிக்சலாக இல்லாமல் கோடும் வளைவுமாக வரைவதன், பயனே போய்விடும். அச்சுக்கு அனுப்பும்போது போஸ்ட்ஸ்கிரிப்ட் 3 என்கிற அச்சு மொழி புரிகிற ரிப், அதாவது கோப்பை அச்சுக்கு மாற்றித் தரும் மென்பொருள், இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இதையும், போட்டோவை மென்பொருளே வெக்டராக மாற்றித் தரும் டிரேஸையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 2005-இல் லைவ் டிரேஸ் என்று வந்து, 2012-இல் இமேஜ் டிரேஸ் என்று பெயர் மாறியது அது. பெரும்பாலும் போட்டோவைத் தட்டை நிறச் சில்லுகளாகத்தான் உடைத்துக் கொடுக்கும். யாராவது "கையால் வரைந்தது" என்று காட்டினால் கன்ட்ரோல் ஒய் அழுத்தச் சொல்லுங்கள், நிறம் போய்க் கோடுகள் மட்டும் தெரியும். வரைந்தவருடைய வலை பொருளின் வளைவோடு போகும். இயந்திரம் போட்டது கண்டபடி கிடக்கும்.

சரி, அண்ணாச்சியின் கேள்விக்கு வருவோம். வெக்டர் என்றால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது என்று பதில் சொல்வார்கள். அது பாதிப் பதில். சாலையோர ஃப்ளெக்ஸை யாரும் மூக்கை ஒட்டிப் பார்ப்பதில்லை. அந்த அளவுக்கு 72 டிபிஐ (அங்குலத்துக்கு 72 புள்ளி) போட்டோவே தாங்கும். போட்டோவில் இருப்பதை அச்சுப் பிசகாமல் நகலெடுப்பதுதான் நோக்கம் என்றால் அண்ணாச்சி சொல்வதே சரி. போட்டோவை லாக் செய்த லேயரில் வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் ஷிஃப்டோடு ஐட்ராப்பரை வைத்து நிறம் உறிஞ்சிக்கொண்டே போகலாம்தான். பொறுமை இருந்தால் யாருக்கும் வரும். ஆனால் உள்ளே இருப்பது தெரியாமல் போன் கேமரா அடைத்துவிட்ட கறுப்பு அப்படியே படத்திலும் வந்து உட்காரும். என் கணக்கில் அது கைத்திறன். கலை என்று சொல்ல மாட்டேன்.

செம்பு வயிற்றில் வேறொன்று இருந்தது. போனைத் தூக்கிப் பிடித்த நான், வளைந்து குள்ளமாக, பின்னால் மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர். வரைவதா, விடுவதா? சுவரை வைத்துக்கொண்டு என்னை எடுத்துவிட்டேன். என்னை நீக்கிய இடத்தில் என்ன தெரியும் என்று போட்டோ சொல்லாது. வானம் அந்த வளைவில் எப்படி வழியும் என்று நானேதான் யோசித்துப் போட வேண்டியிருந்தது. படத்தில் என்னுடையது என்று சொல்ல அந்த இடம்தான் இருக்கிறது. அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் எஸ்டஸ் 1960-களிலிருந்து கடைக்கண்ணாடிகளையும் டெலிபோன் பூத்துகளையும் போட்டோ பார்த்துத்தான் வரைந்தார். ஒரு ஓவியத்துக்குப் பல போட்டோக்களை வைத்துக்கொண்டு, வேண்டியதை எடுத்து வேண்டாததை விட்டார். இன்னொரு அமெரிக்க ஓவியர் சக் குளோஸ் தன் முகத்தின் போட்டோவில் கட்டம் போட்டு, 1968-இல் ஒன்பது அடி உயரத்துக்கு முடித்தார். கட்டம் போடுவது நம் ஊர் சினிமா பேனர் ஓவியர்களுக்குப் புதிதா என்ன? ஸ்டில்லில் கட்டம், துணியில் கட்டம், மேலே சாரத்தில் ஆள். காப்பி என்று யாரும் அவர்களைக் குறை சொன்னதில்லை, முகஜாடை வந்திருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். 2021-இல் மறைந்த ஓவியர் இளையராஜாவின் படங்களுக்குக் கிடைத்த பாராட்டே "போட்டோ மாதிரியே இருக்கு" என்பதுதான். வெக்டர்காரனிடம் அதே வார்த்தை குற்றச்சாட்டாக வருவது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

போட்டோ யாருடையது என்பது வேறு விவகாரம். பாடகர் பிரின்ஸைப் புகைப்படக்காரர் லின் கோல்ட்ஸ்மித் 1981-இல் எடுத்த படத்தை வைத்து ஓவியர் ஆண்டி வார்ஹால் உருவாக்கிய ஒன்றை, அவர் பெயரிலான அறக்கட்டளை பத்திரிகைக்கு உரிமம் கொடுத்தது நியாயமான பயன்பாடு (அனுமதி இல்லாமல் பயன்படுத்தச் சட்டம் தரும் விலக்கு) ஆகாது என்று 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்று தீர்ப்பளித்தது. வார்ஹால் படத்துக்கே அந்தக் கதி. கூகுளில் எடுத்த நடிகர் படத்தில் மெஷ் போட்டு டி-ஷர்ட் அடித்து விற்கிறவர்கள் யோசித்துக்கொள்ளட்டும். உங்கள் போனில் நீங்களே எடுத்த படத்தில் ஆரம்பியுங்கள்.

யாருக்கு இந்த டூல்? ஷாம்பு பாட்டில், எண்ணெய் டின், பாத்திரம் வரைகிறவர்களுக்கு. நிறமோ லேபிளோ மாறும்போது மறுபடி ஷூட்டிங் போக வேண்டாம். முகம் வரைய ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஒரு எவர்சில்வர் டம்ளரை முடித்துவிட்டுப் போங்கள். தோல் அதைவிடக் கடினம். மாதாமாதம் பணம் கட்ட மனமில்லையென்றால் இலவச இங்க்ஸ்கேப்பில் 2017-இல் வந்த 0.92 முதல் மெஷ் இருக்கிறது, ஆனால் பிரவுசர்கள் அதை நேரடியாகக் காட்டாது, பிஎன்ஜியாக எடுத்துக்கொள்ளுங்கள். கோரலிலேயே இருக்கிறவர்கள் எம் அழுத்தினால் மெஷ் ஃபில் வரும். சின்ன வேலைக்கு அதுவே போதும். செம்பு மாதிரி என்றால் நான் இல்லஸ்ட்ரேட்டருக்குத்தான் போவேன்.