மோட்லராய்ட்: ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

ஜெர்மனியின் மோட்லராய்ட் கிராமத்தில் ஏறக்குறைய 50 பேர்தான். ஆனால் நடுவே ஓடும் டான்பாக் ஓடை ஊரை இரண்டு மாநிலமாகப் பிரிக்கிறது: தெற்கே பவேரியா, வடக்கே துரிங்கியா. இத்தனைக்கும் ஒரே எட்டில் தாண்டிவிடலாம் போன்ற ஓடை!

ஜெர்மனி இரண்டாகப் பிரிந்திருந்த காலத்தில் தெற்குப் பாதி மேற்கு ஜெர்மனியிலும், வடக்குப் பாதி கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியிலும் இருந்தன. 1966இல் கிழக்கு ஜெர்மனி ஊருக்கு நடுவே 3.3 மீட்டர் உயரத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பியது. தெற்குக்காரர்கள் ஓடை வரை வந்து எட்டிப் பார்க்கலாம், கையசைக்கலாம். வடக்குக்காரர்கள் பதிலுக்குக் கையசைப்பதற்குக்கூடத் தடை. தெற்கே அவரவர் நிலம், அவரவர் மாடு, வடக்கே கூட்டுப்பண்ணை.

1989 டிசம்பர் 9 அன்று சுவரில் வழி திறந்தது. சரி, இப்போது ஒன்றாகிவிட்டார்களா? இன்னமும் இரண்டு மேயர்கள், இரண்டு அஞ்சல் குறியீடுகள். வணக்கம்கூட வேறுதான்: தெற்கே ‘க்ரூஸ் காட்’, வடக்கே ‘கூட்டன் டாக்’.

போனால் வடக்குப் பக்கத்தில் அதிக நேரம் செலவிடுங்கள். சுவரின் மிச்சமும் காவல் கோபுரமும் அங்கேதான் நிற்கின்றன.