விழித்திருக்கும் நோயாளிக்கு மூளைக்கட்டி அறுவை: டெக்ஸ்மெடடோமிடினா, புரோபோஃபோல்-ரெமிஃபென்டனிலா?

பேச்சுப் பகுதியையோ கை கால்களை இயக்கும் பகுதியையோ ஒட்டிக் கட்டி இருந்தால், நோயாளியைப் பேசவிட்டுக்கொண்டே அதை அகற்றுவார்கள். மண்டையோட்டைத் திறக்கும்போது அவர் அமைதியாகக் கிடக்க வேண்டும். மூளைப் பரப்பை மின்தூண்டலால் சோதிக்கும்போது படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் அளவுக்குத் தெளிவு வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் நோயாளியை எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் மருந்துத் தேர்வு அடங்கியிருக்கிறது.

பென்சோடயாசெபைன் குடும்பத் தூக்கமருந்தான மிடாசோலத்தைச் சட்டென்று ஒதுக்கிவிடலாம். க்ளையோமா என்ற மூளைக்கட்டி உள்ளவர்களிடம் மறைந்திருந்த பலவீனத்தை அது தற்காலிகமாக வெளிக்கொண்டுவரும்; சோதனையில் வந்த தடுமாற்றம் கட்டியாலா மருந்தாலா என்று பிரித்தறிய முடியாது. செவோஃப்ளூரேன் போன்ற வாயுக்கள் மூளை இரத்தக் குழாய்களை விரிப்பவை, எழும்போது குமட்டலும் தருபவை. மிஞ்சுவது இரண்டு வழிகள்: டெக்ஸ்மெடடோமிடின் என்ற தூக்கமருந்து, அல்லது மயக்கமருந்தான புரோபோஃபோலும் ஓபியாய்டு வலிநிவாரணியான ரெமிஃபென்டனிலும் சேர்ந்த இணை. எங்கள் சாய்வு டெக்ஸ்மெடடோமிடின் பக்கம். காரணம் மூச்சு.

தலை ஊசிகளால் இறுக்கப்பட்டிருக்கிறது, உடல் பக்கவாட்டில் கிடக்கிறது, முகத்துக்கு மேல் துணிக்கூடாரம். இந்த நிலையில் நாக்கு பின்னால் விழுந்தால் தாடையைத் தூக்கிப் பிடிப்பதே பெரும்பாடு. மூச்சு மந்தமானால் கார்பன் டை ஆக்ஸைடு ஏறும். தமனி இரத்தத்தில் அதன் அழுத்தம் 1 மில்லிமீட்டர் பாதரசம் ஏறினாலே மூளையின் இரத்த ஓட்டம் ஏறத்தாழ 3 சதவீதம் கூடும். 40இலிருந்து 50க்குப் போனால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். மண்டையோடு திறந்திருக்கும் நேரத்தில் இது நடந்தால், மூளையை மூடிய ட்யூரா உறையை வெட்டியதும் மூளை பிதுங்கிக்கொண்டு வரும். செயற்கைச் சுவாசத்தில் இருப்பவருக்குக் காற்றைக் கூட்டிக் கொடுத்துச் சரிசெய்யலாம். தானாக மூச்சுவிடும் நோயாளியிடம் அந்த வழி அடைபட்டிருக்கிறது.

புரோபோஃபோல் காபா ஏற்பிகள் வழியாகவும், ரெமிஃபென்டனில் ஓபியாய்டு ஏற்பிகள் வழியாகவும் மூச்சைத் தனித்தனியே அடக்குபவை. சேர்த்துக் கொடுத்தால் அடக்கம் வெறும் கூட்டலோடு நிற்காது. டெக்ஸ்மெடடோமிடின் மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் பகுதியின் ஆல்ஃபா-2 ஏற்பிகளில் வேலை செய்கிறது. இயற்கைத் தூக்கத்துக்கு நெருக்கமான நிலையைத் தருவதால் கூப்பிட்டால் கண் திறப்பார், விட்டால் மறுபடி உறங்குவார், மூச்சின் வேகம் பெரிதாகக் குறையாது. 2016இல் வெளியான, 50 நோயாளிகளைச் சமவாய்ப்பில் பிரித்த ஆய்வில் மின்தூண்டல் சோதனையின் தரம் இரு குழுவிலும் ஒன்றுபோலவே இருந்தது. மூச்சுத் தொல்லை மட்டும் புரோபோஃபோல்-ரெமிஃபென்டனில் குழுவில் 20 சதவீதம், டெக்ஸ்மெடடோமிடின் குழுவில் பூஜ்யம். சோதனைத் தரம் சமம் என்றால், எதனால் மூச்சு கெடாதோ அதை எடுப்பதே நியாயம்.

தயாரிப்பு எளிது. 200 மைக்ரோகிராம் உள்ள 2 மில்லி குப்பியோடு 48 மில்லி சலைன் சேர்த்தால், ஒரு மில்லிக்கு 4 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் தொடக்க அளவு என்றால் 7.5 மில்லி, அதை 10 முதல் 15 நிமிடத்தில் செலுத்த வேண்டும். அவசரப்பட்டுத் தள்ளினால் புறக்குழாய்கள் சுருங்கி, முதலில் இரத்த அழுத்தம் எகிறும், கூடவே நாடி விழும். பிறகு கிலோவுக்கு மணிக்கு 0.4 மைக்ரோகிராம், அதாவது மணிக்கு 6 மில்லி. சோதனைக்கு 15, 20 நிமிடம் முன்பு 0.1 முதல் 0.2 வரை இறக்கலாம், அல்லது நிறுத்திவிடலாம். பம்பில் ஒரு பொறி இருக்கிறது: ரெமிஃபென்டனில் நிமிடக் கணக்கு, டெக்ஸ்மெடடோமிடின் மணிக் கணக்கு. மாற்றிப் போட்டால் 60 மடங்கு பிழை.

நாடி குறைவதுதான் இதன் விலை. இதயத் தடை உள்ளவரும் பீட்டா தடுப்பி எடுப்பவரும் எச்சரிக்கைக்கு உரியவர்கள். முதலில் மருந்தைக் குறையுங்கள். அப்படியும் போதாவிட்டால் நாடியை ஏற்ற அட்ரோபினைவிட கிளைகோபைரோலேட் நல்லது. அது மூளைக்குள் புகாததால் குழப்பம் வராது. இரத்த அழுத்தம் விழுந்ததென்று அதை ஏற்ற ஃபினைலெஃப்ரின் கொடுத்தால் நாடி இன்னும் இறங்கும், எஃபெட்ரின் பொருத்தம்.

ரெமிஃபென்டனிலின் உண்மையான பலத்தையும் சொல்லியாக வேண்டும். எத்தனை மணி நேரம் ஓடினாலும், நிறுத்திய 3 முதல் 5 நிமிடத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். டெக்ஸ்மெடடோமிடின் 10 நிமிடம் ஓடினால் பாதியாக 4 நிமிடம் போதும். 8 மணி நேரம் ஓடினால் 250 நிமிடம். மனிதருக்கு அங்கீகரிக்கப்பட்ட முறிமருந்தும் இதற்கு இல்லை. ஆகவே திறப்பதற்கே மூன்று நான்கு மணி ஆகும் என்றாலோ, வயது முதிர்ந்தவர் என்றாலோ, அளவைத் தொடக்கத்திலிருந்தே தாழ்வாக வையுங்கள். பெரிய கட்டி, மூளையின் நடுக்கோடு விலகல், மண்டைக்குள் ஏற்கெனவே அழுத்தம் என்றால் எங்கள் சாய்வும் தளர்கிறது. அங்கே தொண்டையில் வைக்கும் மூச்சுக் கருவியான லாரிஞ்சியல் மாஸ்க் வைத்து, புரோபோஃபோலில் தூங்கவைத்து, கார்பன் டை ஆக்ஸைடைக் கையில் பிடித்துக்கொண்டு திறப்பதே பாதுகாப்பு. மாஸ்க்கை எடுக்கும்போது வரும் இருமலே அந்த வழியின் ஆபத்தான நிமிடம். குழந்தைகளிடமும், 2020இல் அனுமதி பெற்ற ரெமிமாசோலத்திலும் அனுபவம் இன்னும் மெலிதாகவே இருக்கிறது. ரெமிமாசோலத்துக்கு ஃப்ளூமாசெனில் என்ற முறிமருந்து உண்டு என்றாலும், ரெமிமாசோலமும் மிடாசோலத்தைப் போலப் பென்சோடயாசெபைன் குடும்பமே.

எந்த மருந்தானாலும் வலியை அடக்குவது தலைத்தோல் நரம்புத் தடைதான். பக்கத்துக்கு ஆறு நரம்புகள். 60 கிலோ எடைக்கு, மரத்துப்போகச் செய்யும் ரோபிவகெயின் கிலோவுக்கு 3 மில்லிகிராம் உச்சம், 0.5 சதவீதக் கரைசலில் மொத்தம் 36 மில்லி. இரு பக்கத்தையும் தலையை இறுக்கும் ஊசி இடங்களையும் அதற்குள் முடிக்க வேண்டும். காதுக்கு முன்னால் ஆழமாகக் குத்தினால் முகநரம்பு மரத்துப்போகும், பிறகு முகச் சோதனை பயனற்றுப்போகும். ட்யூராவுக்கு இந்தத் தடை எட்டாது. அதற்கு ட்யூராவில் ஓடும் நடு மெனிஞ்சியல் தமனியை ஒட்டி லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்து தேவை. அந்த வலியை மயக்க மருந்தைக் கூட்டிச் சமாளிக்கப் பார்ப்பதுதான் பெரும்பாலும் மூச்சைக் கெடுக்கிறது.

மின்தூண்டலில் வலிப்பு வந்தால் முதலில் தூண்டலை நிறுத்தி, குளிர்ந்த ரிங்கர் கரைசலை மூளைப் பரப்பில் ஊற்றுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் புரோபோஃபோல் 10 முதல் 20 மில்லிகிராம். டெக்ஸ்மெடடோமிடின் வலிப்பை அடக்காது. அதனால் அதைத் தேர்ந்தாலும் நிரப்பிய புரோபோஃபோல் சிரிஞ்ச் ஒன்று இணைப்புக் குழாயிலேயே இருக்க வேண்டும். லாரிஞ்சியல் மாஸ்க் ஒன்றும், பிரித்து மசகு தடவிய நிலையில், நோயாளியின் முகம் தெரியும் பக்கத்தில் இருக்கட்டும்.