ஆர்சனல் 2025-26: யார் இல்லாவிட்டால் அதிகம் வலிக்கும்?

இதை எழுதுவது 2025 ஆகஸ்டில், இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்து சீசன் தொடங்குமுன். ஆகஸ்ட் 17 ஞாயிற்றுக்கிழமை, நம் நேரப்படி இரவு 9 மணிக்கு ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டுடன் லண்டன் அணியான ஆர்சனலின் புது சீசன் தொடங்குகிறது. கடைசியாக லீக் பட்டம் வென்றது 2004-இல். அதற்கப்புறம் 21 வருடம் ஓடிவிட்டது. கடந்த மூன்று சீசனிலும் இரண்டாம் இடம்தான்.

சீசன் தொடங்குமுன் ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்தி எழுதிவைப்பது என் பழக்கம். முன்பு கோல், அசிஸ்ட் (கோலுக்கு வழிசெய்த கடைசி பாஸ்) எண்ணிக்கையைப் பார்த்து எழுதுவேன். போன சீசனை (2024-25) பார்த்தபிறகு அது போதாது என்று தோன்றியது. காயம், சிவப்பு அட்டை என்று ஒவ்வொருவராக வெளியே போய்க்கொண்டே இருந்தார்கள். யார் போனபோது அணி எப்படி ஆனது என்று பார்க்க இதைவிட நல்ல சீசன் கிடைக்காது. அதனால் இந்த முறை ஒரே கேள்வியை வைத்துத்தான் வரிசை: இவர் இரண்டு மாதம் ஆடாவிட்டால் என்ன ஆகும்?

முதல் இடம் வலது விங்கில் ஆடும் புகாயோ சாகாவுக்கு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. டிசம்பர் 21, 2024 அன்று கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அதுவரை 16 லீக் ஆட்டங்களில் 10 அசிஸ்ட். அன்றைக்கு 5-1 என்று ஜெயித்தும் எனக்குச் சந்தோஷமாக இல்லை. பிப்ரவரியில் சொந்த மைதானத்தில் வெஸ்ட் ஹாமிடம் 0-1 தோல்வி, நான்கு நாள் கழித்து நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுடன் 0-0. பந்து முழுக்க நம்மிடம், ஆனால் கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பெட்டிக்குள் போக வழி தெரியவில்லை. சாகா இருந்தால் எதிரணி அவர் பக்கமே இரண்டு பேரை நிறுத்திவைக்கும், மற்றவர்களுக்கு இடம் கிடைக்கும். அவர் இல்லாதபோது எல்லா அணிகளும் நிம்மதியாகச் சுவர் எழுப்பி நின்றன. சாகா இல்லாமலேயே நெதர்லாந்தின் பி.எஸ்.வி-யை 7-1 என்று வென்றதும் உண்டு, முன்வரிசையின் ஹாவெர்ட்ஸும் மார்டினெல்லியும் அதே சமயத்தில் காயத்தில் இருந்தார்கள் என்பதும் உண்மை. முழுப் பழியையும் ஒருவர் இல்லாததன்மேல் போட முடியாது. ஆனாலும் வாராவாரம் பார்த்தவர்களுக்கு அந்த வெறுமை எந்த ஓரத்தில் இருந்தது என்று தெரியும்.

ஏப்ரல் 1 அன்று ஃபுல்ஹாமுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக வந்து ஏழே நிமிடத்தில் தலையால் தட்டி கோல் போட்டார். ஓடிப்போய் அவர் கட்டிப்பிடித்தது தன்னைத் தேற்றிக் கொண்டுவந்த உடற்தகுதிக் குழுவைச் சேர்ந்தவரை. அந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

அதே ஆட்டத்தில்தான், ஆரம்பத்திலேயே, நடுத் தடுப்பாட்டக்காரர் கேப்ரியல் பின்தொடைத் தசை கிழிந்து வெளியே போனார். ஒருவர் வந்த இரவில் இன்னொருவர் போனார். சீசனுக்கு அதோடு முடிந்தது அவர் ஆட்டம்.

இங்கேதான் வரிசையின் கடினமான இடம் வருகிறது. கேப்ரியலா, அவர் பக்கத்தில் நின்று தடுக்கும் சலிபாவா? பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் சலிபா என்பார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 2022-23 சீசனில் ஆர்சனல் 248 நாள் முதலிடத்தில் இருந்தது. மார்ச் 16 அன்று ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்கு எதிராக சலிபாவின் முதுகில் காயம். அடுத்த இரண்டு லீக் ஆட்டங்களைச் சமாளித்தார்கள். அப்புறம் லிவர்பூலிடம் 2-0 முன்னிலையில் இருந்து 2-2, வெஸ்ட் ஹாமிடமும் அதே கதை, கடைசி இடத்தில் இருந்த சவுத்தாம்ப்டனுடன் 3-3, மான்செஸ்டர் சிட்டியிடம் 1-4. பட்டம் கையைவிட்டுப் போனது. அடுத்த சீசனில் சலிபா 38 லீக் ஆட்டங்களிலும் ஒரு நிமிடம்கூட விடாமல் ஆடினார். அணி வாங்கியது 29 கோல்தான். போன அக்டோபரில் போர்ன்மவுத் மைதானத்தில் 30-ஆவது நிமிடத்தில் அவருக்குச் சிவப்பு அட்டை, முடிவு 0-2.

சரி, அப்படியென்றால் சலிபாதானே மேலே? அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், இந்த ஏப்ரல் வரை. கேப்ரியல் போனபிறகு அவர் இடத்துக்கு கிவியோர் வந்து ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக இரண்டு ஆட்டமும் பிரமாதமாக ஆடினார், மறுக்கவே மாட்டேன். ஆனால் பக்கத்தில் கேப்ரியல் இல்லாத சலிபாவைப் பாருங்கள். ஏப்ரல் 23 அன்று பேலஸுக்கு எதிராக 2-1 முன்னிலையில் இருந்தபோது அவர் கொடுத்த தவறான பாஸ் எதிரணியின் மட்டேட்டாவின் காலில் போய் விழுந்தது. மட்டேட்டா தூரத்திலிருந்தே நம் கோல்கீப்பர் ராயாவின் தலைக்கு மேல் தூக்கிப் போட்டார். 2-2. சலிபாவிடம் அப்படி ஒரு தவறை அதிகம் பார்க்க முடியாது. சலிபா ஓட்டக்காரரைத் துரத்திப் பிடிப்பார், பதற்றமே இல்லாமல் பந்தை வாங்கித் திரும்புவார். கேப்ரியல் முட்டுவார், தள்ளுவார், கத்துவார், பின்வரிசையைத் தூங்கவிடமாட்டார். பக்கத்தில் ஒருவர் கத்திக்கொண்டே இருப்பதால்தான் மற்றவரால் அவ்வளவு அமைதியாக ஆட முடிகிறது என்பது என் எண்ணம்.

இருவரும் தடுப்பதில் சமம் என்றே வைத்துக்கொள்வோம். கார்னர் என்று வந்தால் சமம் இல்லை. போன செப்டம்பரில் டாட்டன்ஹாம் மைதானத்தில் நடந்த டெர்பிக்கு (ஒரே ஊர் அணிகளின் மோதல்) நடுக்களத்தில் ஓடேகார்ட் இல்லை, ரைஸ் இல்லை, மெரினோவும் இல்லை. 64-ஆவது நிமிடத்தில் சாகா அடித்த கார்னர் பின்பக்கக் கம்பத்தை நோக்கி வந்தது. கேப்ரியல் தன்னைப் பிடித்திருந்தவரை உதறிவிட்டு முட்டினார். 1-0, அதுவே முடிவு. ஆட்டம் ஓடாத நாளில் ஒரு கோல் கொண்டுவரும் தடுப்பாட்டக்காரர் எனக்கு மேலே. ஆகவே மூன்றாம் இடம் கேப்ரியல், நான்காவது சலிபா. இடைவெளி ஒரு முடி அளவுதான்.

இரண்டாம் இடத்தைத் தாண்டி வந்துவிட்டேன். அது நடுக்கள ஆட்டக்காரர் டெக்லன் ரைஸ். என் அளவுகோல் இவரிடம் அவ்வளவாக வேலை செய்யாது, ஏனென்றால் இவர் இல்லாத ஆட்டம் அபூர்வம். போன ஆகஸ்டில் பிரைட்டனுக்கு எதிராக 1-0 முன்னிலையில் இருக்கும்போது இவருக்குச் சிவப்பு அட்டை கிடைத்தது, கொஞ்ச நேரத்தில் 1-1 ஆனது. கையில் உள்ள சாட்சி அவ்வளவுதான். ஆனால் அணியில் எத்தனை வேலை இவர் தலையில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பின்னால் நின்று தடுக்கிறார், இடது பக்கமாக முன்னேறுகிறார், கார்னர் அடிக்கிறார், கடைசி நிமிடத்திலும் ஓடி வந்து பந்தைப் பறிக்கிறார். இவர் போனால் ஒரு ஆளை வைத்து அடைக்க முடியாது, இரண்டு ஆள் வேண்டும்.

ஏப்ரல் 8 இரவைச் சொல்லாமல் விட முடியாது. நமக்குப் பன்னிரண்டரை மணி. வீடே தூங்கிக்கொண்டிருந்தது. அதுவரை தன் தொழில்முறை வாழ்க்கையில் ஃப்ரீ கிக்கில் நேரடியாக ஒரு கோல்கூடப் போடாதவர், ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக 58-ஆவது நிமிடத்தில் பந்தைச் சுவரைச் சுற்றி வளைத்து உள்ளே அனுப்பினார். கோல்கீப்பர் கோர்டுவா முழு நீளத்துக்குப் பாய்ந்தும் எட்டவில்லை. பன்னிரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று, இந்த முறை மேல்மூலையில். தலையணையை வாயில் வைத்துக்கொண்டு கத்தினேன். சாம்பியன்ஸ் லீக் நாக்-அவுட் ஆட்டம் ஒன்றில் நேரடி ஃப்ரீ கிக்கில் இரண்டு கோல் போட்ட முதல் ஆள் அவர்தான்.

ஐந்தாவது கோல்கீப்பர் டேவிட் ராயா. இரண்டு சீசன் தொடர்ந்து கோல்டன் குளவ் (அதிக ஆட்டங்களில் கோலே விடாத கீப்பருக்கான விருது), அதில் போன முறை ஃபாரஸ்டின் கீப்பர் செல்ஸுடன் பகிர்ந்துகொண்டது. அட்டலாண்டா மைதானத்தில் ரெட்டேகியின் பெனால்டியைத் தடுத்தார். திரும்பி வந்த பந்தை ரெட்டேகியே தலையால் முட்ட, விழுந்த இடத்திலிருந்து பின்னோக்கிப் பாய்ந்து கையால் தட்டி எடுத்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடக்கூட நேரமில்லை.

ஆறாவது கேப்டன் ஓடேகார்ட். இவரை இவ்வளவு கீழே வைக்க மனசு கஷ்டப்படுகிறது. 2022-23-இல் 15 லீக் கோல், போன சீசனில் 3. செப்டம்பரில் நார்வேக்காக ஆடும்போது கணுக்காலில் அடிபட்டு நவம்பரில் திரும்பியவர், பழைய தாளத்துக்கு முழுசாக வரவே இல்லை. ஆனால் அவர் இல்லாத அந்த இரண்டு மாதத்தில் சாகாவுக்குப் பந்து போன விதத்தை நினைத்துப் பார்த்தால், ஆறுக்குக் கீழே இறக்கவும் முடியவில்லை.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி: முன்வரிசை நடுவில் புதிதாக வந்த யோகெரெஸா, ஹாவெர்ட்ஸா?

2023-24-இல் 91 கோல் போட்ட அணி, போன சீசனில் 69-தான் போட்டது. 14 ஆட்டம் டிரா. லீக்கில் அணிக்காக அதிக கோல் போட்டவர் ஹாவெர்ட்ஸ், 9 கோல். அவரும் பிப்ரவரியில் துபாய் பயிற்சி முகாமில் காயப்பட்டுப் போனார். இன்னொரு முன்வரிசைக்காரரான ஜீசஸ் அதற்கு முன்பே முழங்காலில் அடிபட்டுவிட்டார். கடைசியில் நடுக்கள ஆட்டக்காரரான மெரினோவை முன்னே நிறுத்தினார்கள். அவரும் லெஸ்டரில் மாற்றாக இறங்கி இரண்டு கோல் போட்டு மானத்தைக் காப்பாற்றினார். அந்த நிலைமை மறுபடி வரக்கூடாது என்றுதான் சுமார் 6.35 கோடி யூரோவுக்கு யோகெரெஸ் வந்திருக்கிறார். ஸ்போர்ட்டிங்கில் போன சீசன் 52 ஆட்டத்தில் 54 கோல், அதில் சிட்டிக்கு எதிராக ஒரு ஹாட்ரிக்.

எண்ணிக்கையைப் பார்த்தால் ஒப்பீடே கிடையாது. ஆனால் இருவரும் ஒரே வேலையைச் செய்பவர்கள் இல்லை. ஹாவெர்ட்ஸ் இறங்கி வந்து பந்து வாங்குவார், உயரப் பந்தை முட்டித் தருவார், எதிரணித் தடுப்பை முதல் ஆளாக நெருக்குவார். யோகெரெஸ் முதுகைக் காட்டி நிற்கிற ஆள் இல்லை. திறந்த வெளி தெரிந்தால் தோளைக் கொடுத்து இடித்துக்கொண்டு ஓடுவார். ஆர்சனலை எதிர்த்து ஆடும் அணிகள் பெரும்பாலும் பின்னால் போய்ப் படுத்துக்கொள்கின்றன, திறந்த வெளியே கிடைக்காது. அங்கே அவர் என்ன செய்வார் என்பதுதான் என் கவலை. போன நவம்பரில் லிஸ்பனில் ஆர்சனல் 5-1 என்று ஜெயித்தபோது கேப்ரியலும் சலிபாவும் அவருக்குக் கோல் விடவில்லை. கேப்ரியல் கோல் போட்டுவிட்டு, விரல்களை முகமூடிபோலக் கோத்து யோகெரெஸின் கொண்டாட்டத்தையே அவர் முன்னால் செய்து காட்டினார். இப்போது இருவரும் ஒரே உடைமாற்றும் அறையில்.

இருந்தாலும் யோகெரெஸ் எட்டாவது, ஹாவெர்ட்ஸ் பத்தாவது. ஹாவெர்ட்ஸ் இல்லாவிட்டால் சமாளிக்க இப்போது ஆள் இருக்கிறது. யோகெரெஸ் இல்லாவிட்டால் பழைய நிலைமைதான்.

நடுவில் விட்ட ஏழாவது இடம் தடுப்பாட்டக்காரர் டிம்பருக்கு. 2023-இல் முதல் லீக் ஆட்டத்திலேயே முழங்கால் போய், கிட்டத்தட்ட சீசன் முழுக்க வெளியே இருந்தவர். போன சீசனில் வலது பக்கத்தை அவரிடம் கொடுத்துவிட்டு மறந்தே போகலாம் என்கிற அளவுக்கு ஆடினார். ஒன்பதாவது நடுக்களத்துக்குப் புதிதாக வந்த சுபிமெண்டி. யூரோ 2024 இறுதியாட்டத்தில் இடைவேளையில் ரோட்ரிக்குப் பதில் இறங்கி ஸ்பெயினை நிலைநிறுத்தியவர் இவர்தான். எதிர்ப்பக்கம் இங்கிலாந்துக்காக ரைஸ். இவர் பின்னால் நின்றால் ரைஸ் முன்னே போகலாம், அந்த ஒரு காரணத்துக்காகவே இவர்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை.

இடது பின்வரிசையில் லூயிஸ்-ஸ்கெல்லியா, கலாஃபியோரியா என்பதில் என் ஓட்டு சின்னப் பையனுக்கு, பதினொன்றாவது இடம். சிட்டியை 5-1 என்று வென்ற அன்று கோல் போட்டுவிட்டு சிட்டியின் ஹாலண்டின் தியானக் கொண்டாட்டத்தை அவர் கண் முன்னாலேயே செய்த 18 வயது. நெஞ்சுரம் கற்றுக்கொடுத்து வருவதில்லை. கலாஃபியோரி நல்ல ஆட்டக்காரர், சிட்டி மைதானத்தில் தூரத்திலிருந்து அவர் போட்ட கோல் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் அடிக்கடி காயம். பன்னிரண்டு.

இடது விங்கில்தான் எனக்கு முடிவே கிடைக்கவில்லை. மார்டினெல்லிக்கு 8 லீக் கோல், ட்ரொசார்டுக்கும் 8. முதலாமவரிடம் வேகம் இருக்கிறது. ரியல் மாட்ரிட்டின் பெர்னபியூ மைதானத்தில் கடைசி நேரத்தில் தனியாக ஓடிப்போய் 2-1 ஆக்கினாரே, அதற்கு அந்த வேகம்தான் காரணம். இரண்டாமவருக்கு நெரிசலில் இரண்டு காலாலும் அடிக்கத் தெரியும். எதிரணி இறங்கி நிற்கும் ஆட்டத்துக்கு ட்ரொசார்ட், வெளியூரில் பெரிய அணியோடு என்றால் மார்டினெல்லி. இருவருக்கும் சேர்த்துப் பதின்மூன்று என்று போட்டு வைத்திருக்கிறேன். செல்சியிலிருந்து வந்த மதுவேகேவையும் இந்தப் பக்கம் ஆடவைக்கலாம், ஆனால் அவர் இயல்பாக வலது பக்கத்து ஆள், சாகாவுக்கு ஓய்வு கொடுக்கத்தான் அதிகம் பயன்படுவார். அப்படியானால் 15 வயது 181 நாளில் பிரீமியர் லீக்கில் இறங்கிய நுவானெரிக்கு எங்கே இடம்? போன சீசன் சாகா இல்லாத மாதங்களில் அந்த ஓரத்தைத் தாங்கியவர் அவர். ஞாயிறு இரவு ஆட்டக்காரர் பட்டியல் வந்ததும் முதலில் பெஞ்சில் அவர் பெயரைத்தான் தேடுவேன்.