‘பிரெஞ்சு அரசரின் கடன் பத்திரம்’ வாங்குவதற்கு முன்

பழைய நாணயமும் பழைய தாளும் சேர்ப்பவர்கள் கவனிக்கவும். ‘பிரெஞ்சு அரசரின் அசல் கடன் பத்திரம், இன்றும் வட்டி பெறலாம்’ என்று இணையத்தில் ஒரு வியாபாரி விற்றுக்கொண்டிருக்கிறார். என்னிடம் பதினெட்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பியது, லேசர் அச்சில் எடுத்துத் தேநீர்க் கறை ஏற்றிய நகல். பணத்தைத் திருப்பிக் கேட்டால், ‘பழம்பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார். போன மாதம் அச்சடித்தது எப்படி ஐயா பழம்பொருளாகும் என்று கேட்டேன், பதில் இல்லை.

கூடவே ஒரு நம்பகச் சான்றிதழ் வந்தது. பத்திரம் ‘1720இல் பதினான்காம் லூயி வெளியிட்டது’ என்கிறது. அவர் 1715 செப்டம்பரிலேயே இறந்துவிட்டார். 1720இல் அரசராக இருந்தது அவருடைய கொள்ளுப்பேரன், பத்து வயதுச் சிறுவன் பதினைந்தாம் லூயி.

தாளில் அச்சாகியிருப்பது கடன் பத்திரமும் அல்ல. பதினான்காம் லூயியின் போர்களால் மலையாகக் குவிந்த கடனைக் கரைக்க ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் வழி சொன்னார். அவர் 1716இல் தொடங்கிய வங்கி 1718இல் அரச வங்கியானது. அது 1720 ஜூலை 1 தேதியிட்டு வெளியிட்ட 10 லிவ்ர் (அக்காலப் பிரெஞ்சுப் பணம்) நோட்டின் நகல்தான் எனக்கு வந்தது. கொண்டுவருபவருக்கு உடனே வெள்ளிக் காசு தருவதாக அதில் உறுதி இருக்கிறது; வட்டி என்ற பேச்சே இல்லை. நவம்பர் முதல் அந்த நோட்டுகள் செல்லாது என்று அக்டோபரிலேயே அறிவித்துவிட்டார்கள். டிசம்பரில் லா நாட்டைவிட்டே ஓடினார்.

பிரெஞ்சு அரசர்களின் நீண்டகாலக் கடன் ஆவணம் வேறு மாதிரி இருக்கும். 1522இல் முதலாம் பிரான்சுவா தொடங்கிய ஏற்பாடு அது. தமக்கு வரவேண்டிய வரியில் ஒரு பகுதியை அரசர் பாரிஸ் நகராட்சிக்கு ஒதுக்குவார். பணம் போட்டவர்களுக்கு நகராட்சி ஆண்டுதோறும் வட்டி கொடுக்கும். தொடக்கத்தில் 8.33 சதவீதம். அரசர் வாக்குத் தவறினால் அவர்மீது வழக்குப் போட்டு வசூலிப்பது நடக்காத காரியம். அதனால்தான் நடுவில் நகராட்சியை நிறுத்தினார்கள். ஆவணம் நோட்டரி முன் எழுதிய ஒப்பந்தம். பணம் போட்டவரின் பெயர் அதில் இருக்கும்.

அப்படிப்பட்ட அசலே கிடைத்தாலும் இன்று வட்டி வரும் என்று நம்ப வேண்டாம். 1793இல் புரட்சி அரசு பழைய கடன்களையெல்லாம் ஒரே பேரேட்டில் ஏற்றியது. 1797இல் அதிலும் மூன்றில் இரண்டு பங்கைச் சீட்டுகளாகக் கொடுத்துக் கைகழுவியது. சீட்டுகள் சீக்கிரமே மதிப்பிழந்தன. மற்ற அரசர்களின் லட்சணமும் இதுதான். ஸ்பெயினின் இரண்டாம் பிலிப் 1557, 1560, 1575, 1596 என நான்கு முறை கடனைக் கட்டாமல் நிறுத்திவைத்தார். இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் 1672 ஜனவரியில் கருவூலத்தை மூடி, கடன் கொடுத்த பொற்கொல்லர்களை (அங்கே அன்று வங்கித் தொழில் செய்தவர்கள் அவர்கள்தான்) தெருவில் நிறுத்தினார்.

பிறகு ‘இன்றும் வட்டி’ என்ற கதை எங்கிருந்து வந்தது? அதில் ஓர் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1648இல் லெக்டைக் போவன்டாம்ஸ் என்ற டச்சு நீர் வாரியம் ஆட்டுத்தோலில் எழுதிக்கொடுத்த 1,000 கில்டர் (பழைய டச்சுப் பணம்) பத்திரம் யேல் பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. 2015இல் அதற்கு 12 ஆண்டு வட்டியாக 136.20 யூரோ கிடைத்தது. கடன் வாங்கியது கரையைக் காக்கும் வாரியம். அதன் பொறுப்பை ஏற்ற அமைப்பு இன்றும் இருக்கிறது. வியாபாரி இந்தச் செய்தியைத்தான் விளம்பரத்தில் ஒட்டி, அரசரின் பெயரைச் சேர்த்து விற்கிறார்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள், பின்பக்கப் படத்தையும் விளக்கொளியில் பிடித்த படத்தையும் முதலில் கேளுங்கள். அக்கால அச்சில் எழுத்து தாளில் அழுந்தியிருக்கும். உருப்பெருக்கியில் வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது நகல். நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். வியாபாரி அதற்குள் விளம்பரத்தைத் திருத்திவிட்டார்: பதினான்காம் லூயி இப்போது பதினைந்தாம் லூயி. வட்டி வாக்குறுதி மட்டும் அப்படியே இருக்கிறது.