பெர்க்லி டிபியில் தொடர்வதா, எஸ்கியூலைட்டுக்கு மாறுவதா? கம்பைல், அப்கிரேட் பக்கமிருந்து ஓர் அலசல்

எங்களுடைய பழைய இருப்புக் கணக்கு நிரல் ஒன்று பல வருடங்களாக பெர்க்லி டிபி என்ற, நிரலோடு சேர்ந்தே ஓடும் தரவுத்தள லைப்ரரியின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. சர்வர் மாறி, புது லினக்ஸும் புது கம்பைலரும் வந்தபோது அந்த லைப்ரரியையும் தொட வேண்டியதாயிற்று. நான்கு வழிகள் இருந்தன: பெர்க்லி டிபியையே ஒட்டுப் போட்டு ஓட்டுவது, அல்லது அதே வகை லைப்ரரிகளான எல்எம்டிபி, ராக்ஸ்டிபி, எஸ்கியூலைட் ஒன்றுக்கு மாறுவது. நாங்கள் எஸ்கியூலைட்டுக்குப் போனோம். எனவே அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

வேகத்தைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. எங்கள் அளவுள்ள தரவுக்கு நான்குமே தேவைக்கு மேல் வேகம். உரிமத்தைப் பற்றி மட்டும் ஓரிரு வரிகள் சொல்ல வேண்டும். ஆரக்கிள் 2006-இல் பெர்க்லி டிபியின் சொந்தக்காரரான ஸ்லீப்பிகேட் நிறுவனத்தை வாங்கியது. 2013-இல் வந்த 6.0 பதிப்பிலிருந்து பெர்க்லி டிபி ஏஜிபிஎல் உரிமத்துக்கு (வலைச் சேவையாகத் தந்தாலும் மூல நிரலைத் தரச் சொல்லும் கடுமையான உரிமம்) மாறியது. அதனால்தான் டெபியன் போன்ற லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள் 5.3-இலேயே நின்றுவிட்டன. எஸ்கியூலைட் பொதுச்சொத்து, யாரையும் கேட்க வேண்டியதில்லை. உரிமத்தை விட எனக்கு முக்கியமாகப் பட்டது இதன் பக்கவிளைவு: 5.3 அங்கேயே நிற்க, கம்பைலர்கள் மட்டும் முன்னேறிக்கொண்டே போகின்றன.

கம்பைல் கட்டத்தில்

பெர்க்லி டிபியில் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்வது அட்டாமிக் பெயர் மோதலில். 4.8, 5.3 இரண்டிலும் அட்டாமிக் ஹெடருக்குள் ஒரு ஃபங்ஷனுக்கு வைத்த பெயரையே பின்னாளில் கம்பைலர்கள் தங்கள் உள்ளமைந்த ஃபங்ஷனுக்கும் எடுத்துக்கொண்டன. அந்தப் பெயரின் கடைசியில் டிபி என்று ஒட்டிவிட்டால் சரியாகிவிடும், செட் (sed) என்ற திருத்தக் கட்டளையில் ஒரே வரி. சி பிளஸ் பிளஸ் நிரலோடு சேர்த்தால் அட்டாமிக் இனிட் என்ற இன்னொரு பெயரும் மோதும், அதற்கும் இதே வைத்தியம். ஏஆர்எம் 64 இயந்திரத்தில் 4.8-ஐ பில்ட் செய்தால், இது என்ன இயந்திரம் என்றே, பில்டுக்கு முன் இயந்திரத்தைச் சோதிக்கும் கன்ஃபிகர் ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. அந்தப் பதிப்பு வந்தது 2009-இல், அப்போது அந்த இயந்திர வகையே இல்லை. புதிய கான்ஃபிக் கெஸ், கான்ஃபிக் சப் ஸ்கிரிப்டுகளை எடுத்து உள்ளே போட்டால் போதும்.

இவையெல்லாம் திரையில் சிவப்பாகத் தெரியும் கோளாறுகள். 2024-இல் வந்த ஜிசிசி 14 கம்பைலர் கொண்டுவந்தது வேறு வகை. வகை சொல்லாமல் விட்ட ஃபங்ஷனும், அறிவிக்காமல் கூப்பிட்ட ஃபங்ஷனும் அதுவரை வெறும் எச்சரிக்கைதான். 14 முதல் பிழை. பழைய கன்ஃபிகர் ஸ்கிரிப்டுகள் அந்தக் காலத்துச் சி நடையில் குட்டிக் குட்டிச் சோதனை நிரல்களை எழுதி கம்பைல் செய்து பார்க்கும். அவை தோற்றால் 'இந்த இயந்திரத்தில் இந்த வசதி இல்லை' என்று முடிவு கட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். மியூடெக்ஸ் (பூட்டு வசதி) இருக்கும், ஆனால் இல்லை என்று சொல்லும். திரையில் வரும் கடைசி வரியைப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது. கான்ஃபிக் லாக்கைத் திறந்து, எந்தச் சோதனை எதனால் தோற்றது என்று படிக்க வேண்டும். கம்பைலரைப் பழைய சி தரத்தில் ஓடச் சொல்லும் கொடியை (ஃபிளாக்) கொடுத்தால் பெரும்பாலும் தீரும். 2025-இல் வந்த ஜிசிசி 15, எதுவும் சொல்லாவிட்டால் சி23 தரத்தை எடுத்துக்கொள்கிறது. எனவே அந்தக் கொடியை பில்ட் ஸ்கிரிப்டிலேயே நிரந்தரமாக எழுதிவைத்துவிடுவது நல்லது.

எஸ்கியூலைட்டின் கதை எளிது. முழு லைப்ரரியும் ஒரே சி கோப்பாக, இரண்டு லட்சம் வரிகளுக்கு மேல், அமால்கமேஷன் என்ற பெயரில் வருகிறது. அதை உங்கள் நிரலோடு சேர்த்து கம்பைல் செய்தால் முடிந்தது. வரும் தொல்லைகளும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றேதான். லிங்கர் வந்து டிஎல்ஓப்பன், பித்ரெட் பெயர்களைக் காணோம் என்றால், அந்த இரண்டு லைப்ரரிகளையும் இணைப்பு வரியின் கடைசியில் சேர்க்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் ஏற்றும் வசதி வேண்டாமென்றால் அதை விலக்கும் கொடியைக் கொடுத்து முதலாவதைத் தவிர்க்கலாம். நூற்றுக்கணக்கான டைப் மாற்றப் பிழைகள் கொட்டினால் அந்தக் கோப்பை சி பிளஸ் பிளஸ் கம்பைலரிடம் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அது சுத்தமான சி. இன்னொன்று, ஒமிட் என்று தொடங்கும் கொடிகள் எல்லாமே அமால்கமேஷனில் வேலை செய்யாது. சிலவற்றுக்கு மூலக் கோப்புகளிலிருந்து பார்சரையே (எஸ்கியூஎல்லைப் படித்துப் பிரிக்கும் பகுதி) மறுபடி உருவாக்க வேண்டும்.

ஹெடர் ஒரு பதிப்பு, ஓடும்போது ஏறும் லைப்ரரி வேறு பதிப்பு என்று ஆவதும் அடிக்கடி நடக்கும். லோக்கல் அடைவில் புதியது, சிஸ்டம் அடைவில் பழையது இருந்தால் வரும் வினை. ஹெடரில் உள்ள பதிப்பு எண்ணையும் லைப்ரரி திருப்பிக் கொடுக்கும் எண்ணையும் நிரல் தொடங்கும்போதே ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு வரி எழுதிவிடுங்கள், பிறகு தேட வேண்டியிருக்காது.

எல்எம்டிபி இதைவிடச் சிறியது. இரண்டு சி கோப்புகள், கம்பைலில் சொல்லும்படியான தொல்லை இல்லை. ராக்ஸ்டிபியை நான் பில்ட் செய்து பார்த்ததோடு சரி, வாடிக்கையாளர் இடத்தில் ஓட்டியதில்லை. அந்த அளவில் சொல்கிறேன். எச்சரிக்கைகளையும் பிழையாக எடுத்துக்கொள்ளும் என்பதால் புது கம்பைலர் வந்தாலே பழைய பதிப்பு நின்றுபோகும். ஜிசிசி 13-இல் முழு எண் வகைகளுக்கான ஹெடரைச் சேர்க்காத பழைய பதிப்புகள் அப்படித்தான் நின்றன. மேக் கட்டளைக்கு போர்ட்டபிள் என்று சொல்லாமல் விட்டால் பில்ட் செய்த இயந்திரத்தின் பிராசசருக்கே தைத்த சட்டையாக வரும். பழைய பிராசசரில் போட்டால் 'சட்டவிரோதக் கட்டளை' என்று விழும்.

அப்கிரேடில்

என் முடிவைத் தீர்மானித்தது கம்பைல் இல்லை. கம்பைல் பிழை என் கணினியில், என் கண் முன்னால் வருகிறது. அப்கிரேட் பிழை வாடிக்கையாளரின் தரவின் மேல் வருகிறது. ஆகவே நான்கிடமும் நான் கேட்டது, பழைய கோப்பைப் புது லைப்ரரி அப்படியே திறக்குமா என்பதுதான்.

பெர்க்லி டிபியில் இதற்கு ஒரே பதில் கிடையாது. ஏபிஐ, தரவுக் கோப்பின் வடிவம், லாக் மற்றும் என்விரான்மென்ட் (புராசஸ்கள் பகிரும் பூட்டு, தற்காலிக நினைவக விவரங்கள்) கோப்புகளின் வடிவம் என்று மூன்றும் தனித்தனியாக மாறும். தரவுக் கோப்பின் வடிவம் எப்போதாவதுதான் மாறும், ஆனால் லாக் வடிவம் அடிக்கடி மாறும். நிரலின் பதிப்பும் என்விரான்மென்டின் பதிப்பும் பொருந்தவில்லை என்ற செய்தி இங்கிருந்துதான் வருகிறது. இதைப் பார்த்ததும் பலர் இரண்டு கீழ்க்கோடு டிபி என்று தொடங்கும் கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி தொடங்குவார்கள். முறையாக மூடிய நிரல் என்றால் பிழைத்துவிடும். நடுவில் நின்றுபோன நிரல் என்றால், தரவுக் கோப்புக்குப் போய்ச் சேராத மாற்றங்கள் லாக்கிலேயே இருக்கும். அந்த லாக்கைப் படிக்கப் பழைய லைப்ரரிதான் வேண்டும்.

சரியான வரிசை இது: பழைய பதிப்பின் கருவிகளை வைத்தே நிரலை நிறுத்தி, ரிக்கவர் ஓட்டி, செக்பாயின்ட் (நிலுவை மாற்றங்களைத் தரவுக் கோப்பில் சேர்ப்பது) கட்டாயமாக எழுதவைத்து, என்விரான்மென்டை நீக்கி, எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துக்கொண்ட பிறகே புது லைப்ரரியை நிறுவ வேண்டும். தேவைப்பட்டால் டிபி அப்கிரேட் கருவியை ஓட்டலாம். அது கோப்பை அதே இடத்தில் மாற்றுகிறது. நடுவில் மின்சாரம் போனாலோ டிஸ்க் நிரம்பினாலோ மீட்க முடியாமல் போகலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. டிஸ்ட்ரோ அப்கிரேட் உங்களைக் கேட்காமல் லைப்ரரியை மாற்றிவிட்டால் இந்த வரிசையின் முதல் படியே உங்கள் கையில் இருக்காது. எனக்குப் பெரிய பயம் இதுதான்.

இந்தப் பயம் எனக்கு மட்டும் இருந்ததில்லை. பிட்காயினின் முதன்மை மென்பொருளான பிட்காயின் கோர், வாலட் கோப்புக்காக 4.8-ஐயே பிடித்துக்கொண்டிருந்தது. 5.1-ஓ அதற்கு மேலோ வைத்து பில்ட் செய்தால் அந்த வாலட்டை அதிகாரப்பூர்வ பைனரிகளோடு மாற்றிப் பயன்படுத்த முடியாது என்று அதன் கன்ஃபிகர் ஸ்கிரிப்டே அப்போது தடுத்து நிறுத்தியது. 2021-இல் வந்த 0.21-இல் எஸ்கியூலைட் வாலட்டைக் கொண்டுவந்தார்கள். ஃபெடோராவின் பேக்கேஜ் மேலாளரான ஆர்பிஎம் தன் பேக்கேஜ் தரவுத்தளத்தை 2020-இல் ஃபெடோரா 33-இல் எஸ்கியூலைட்டுக்கு மாற்றியது. லைப்ரரியே இல்லாமல் பழைய பெர்க்லி கோப்பைப் படிக்க மட்டும் இரு தரப்பும் தனியாக ஒரு ரீடர் எழுதிக்கொண்டன. அடைவுச் சேவை மென்பொருளான ஓப்பன்எல்டாப் 2.5-இல் பெர்க்லி பின்தளங்களையே எடுத்துவிட்டு எல்எம்டிபியோடு நின்றது.

எஸ்கியூலைட்டில் 2004-இல் 3.0 வைத்து எழுதிய கோப்பை இன்றைய பதிப்பு அப்படியே திறக்கும். 2050 வரை இதைக் காப்போம் என்று அதை எழுதுபவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதற்கென்று அப்கிரேட் கருவி கிடையாது, தேவையும் இல்லை.

ஆனால் தலைவலி மறுதிசையில் உண்டு. புதிய பதிப்பில் எழுதியதைப் பழையது திறக்காமல் போகலாம். சென்ட்ஓஎஸ் 7-இல் இருந்தது 3.7.17. பகுதி இன்டெக்ஸ் 3.8.0-இலும், ரோஐடி (தானாக வரும் வரிசை எண்) இல்லாத அட்டவணை 3.8.2-இலும், கணக்கிட்டு வரும் நெடுவரிசை 3.31-இலும், ஸ்ட்ரிக்ட் அட்டவணை 3.37-இலும் வந்தவை. இவற்றில் ஒன்று ஸ்கீமாவில் (அட்டவணைகளின் அமைப்பு) இருந்தாலும் சென்ட்ஓஎஸ் 7 அந்தக் கோப்பைத் திறக்க மறுத்து, 'ஸ்கீமா சிதைந்திருக்கிறது' என்று சொல்லும். கோப்பு நன்றாகத்தான் இருக்கும், செய்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். களத்தில் இருக்கும் மிகப் பழைய பதிப்பு எது என்று தெரிந்துகொண்டு அதற்குள் ஸ்கீமாவை வைத்துக்கொண்டால் போதும்.

நடத்தை மாறிய இடங்களும் உண்டு. 2018-இல் 3.25, 3.26 பதிப்புகளில், அட்டவணைக்குப் பெயர் மாற்றினால் ட்ரிக்கர், வியூ, ஃபாரின் கீ எல்லாவற்றிலும் பெயரைத் திருத்த ஆரம்பித்தது. பழைய அட்டவணைக்குப் பெயர் மாற்றி, புதியதை உருவாக்கி, தரவை நகர்த்தும் மைக்ரேஷன்கள் அதில் உடைந்தன. பைத்தான் வலைக் கட்டமைப்பான ஜாங்கோவில் இதை 2.1.5-இல் சரிசெய்தார்கள். பழைய நடத்தையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பிராக்மா (எஸ்கியூலைட்டின் அமைப்புக் கட்டளை) உண்டு. எழுத்து மதிப்பை ஒற்றை மேற்கோளுக்குப் பதில் இரட்டை மேற்கோளில் போட்டுப் பழகிய எஸ்கியூஎல், அதை அனுமதிக்காதபடி பில்ட் செய்த லைப்ரரியில் 'அப்படியொரு நெடுவரிசை இல்லை' என்று விழும். அப்புறம், ஒரே நிரலுக்குள் எஸ்கியூலைட்டின் இரண்டு பிரதிகள், ஒன்று நீங்கள் சேர்த்தது, இன்னொன்று ஏதோ ஒரு பிளகினோடு வந்தது, ஒரே கோப்பைத் திறந்தால் லினக்ஸின் கோப்புப் பூட்டுகள் ஒன்றையொன்று அவிழ்த்துவிடும். கோப்பு உண்மையிலேயே கெட்டுப்போகக்கூடிய இடம் அது. அப்கிரேட் செய்யும்போது இரண்டு பிரதி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

எல்எம்டிபியை நாங்கள் ஒதுக்கியதற்குக் காரணம் ஒன்றே. அதன் கோப்பு இயந்திரத்தின் சொல் அளவைச் சார்ந்தது. 32 பிட்டில் எழுதியதை 64 பிட் சாதாரணமாகத் திறக்காது. ராஸ்பெர்ரி பைக்கு 2022-இல் 64 பிட் ஓஎஸ் அதிகாரப்பூர்வமாக வந்தபோது இப்படிப்பட்ட கோப்பை வைத்திருந்தவர்கள் டம்ப் எடுத்து மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. எங்களிடமும் சில இடங்களில் 32 பிட் பெட்டிகள் இருந்தன. மற்றபடி அது அருமையான லைப்ரரி. எல்லா இயந்திரமும் ஒரே வகை என்றால், படிப்பது அதிகம், எழுதுவது குறைவு என்றால், யோசிக்காமல் எடுக்கலாம். மேப் அளவு (கோப்பின் உச்ச அளவு) சொல்லாமல் விட்டால் 10 எம்பியில் நிரம்பிவிட்டது என்று நிற்கும், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மாற்றிய விதம்

பழைய சர்வரில், பழைய பதிப்பின் டிபி டம்ப் கருவியை வைத்தே எடுத்து, ஒரு சின்ன ஸ்கிரிப்டால் எஸ்கியூலைட்டில் ஏற்றினோம். கீ ஒரு பிளாப் (வெறும் பைட் தொகுதி), மதிப்பு ஒரு பிளாப். பெர்க்லியின் பி-ட்ரீ வழக்கமாக பைட் பைட்டாக ஒப்பிட்டுத்தான் வரிசைப்படுத்தும், எஸ்கியூலைட் பிளாபும் அப்படியே. எனவே வரிசை மாறாது. உங்கள் நிரல் சொந்த ஒப்பீட்டு ஃபங்ஷன் கொடுத்திருந்தால் கதை வேறு. பெரும்பாலும் அது முழு எண் கீயாக இருக்கும், அதை முழு எண் நெடுவரிசையாகவே மாற்றிவிடுங்கள். ஒரே கீக்குப் பல மதிப்புகளை அனுமதித்திருந்தால் கீயையும் மதிப்பையும் சேர்த்து முதன்மைக் கீயாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றும்போதே பாதி மறுக்கப்படும்.

இடையில் ஒரு யோசனை வந்தது. பெர்க்லி டிபி 5.0 முதல் எஸ்கியூலைட்டின் எஸ்கியூஎல் முகப்பையே வைத்து ஓர் ஏபிஐ தருகிறதே, அதில் நிற்கலாமா என்று. முகப்பு மட்டும்தான் அது, கீழே கோப்பும் லாக்கும் பெர்க்லியுடையவை. நாங்கள் தப்பிக்க நினைத்ததே அந்தக் கோப்பிலிருந்துதான், அதனால் விட்டுவிட்டோம்.

எழுதும் புராசஸ்கள் நிறைய இருந்து, அவை ஒரே நேரத்தில் எழுதியே ஆக வேண்டும் என்றால் பெர்க்லி டிபியை விட்டு வராதீர்கள். அது பக்கம் பக்கமாகப் பூட்டும். எஸ்கியூலைட்டில், மாற்றங்களை முதலில் லாக்கில் எழுதும் வால் (WAL) முறையிலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் டிஸ்ட்ரோவின் பேக்கேஜை நம்பாமல் 5.3-ஐத் தாங்களே பில்ட் செய்து நிரலோடு வைத்துக்கொள்வதும், அதே பதிப்பின் டம்ப், ரிக்கவர் கருவிகளை ஒவ்வொரு பேக்கப்பிலும் சேர்த்து வைப்பதும் நல்லது.