மஞ்சள் போகும், வாழைக்கறை போகாது: கறைப்பொடி வாங்கலாமா?

காரைக்குடியில் சிறிய அளவில் விசேஷச் சமையல் எடுத்துச் செய்கிறோம். பந்தி முடிந்ததும் எனக்குப் பாத்திரத்தைவிடப் பெரிய தலைவலி துணிதான். பரிமாறுகிற பையன்களின் வெள்ளை வேட்டி, துண்டு, மேசை விரிப்பு எல்லாவற்றிலும் குழம்பு இருக்கும். இதற்காக ஆக்சிஜன் பிளீச் என்று டப்பாவில் வரும் வெள்ளைப் பொடியை வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன். எந்தக் கம்பெனி என்பது பெரிய விஷயமில்லை. பின்பக்கம் 'சோடியம் பெர்கார்பனேட்' என்று போட்டிருந்தால் சரி.

மஞ்சள் கறைக்கு இது கெட்டிக்காரப் பொடி. ஆனால் முதலில் பயமுறுத்தும். கரைசலில் துண்டை நனைத்ததும் மஞ்சள் செக்கச்செவேலென்று மாறிவிடும். காரத்தன்மை உள்ள பொருள் பட்டால் மஞ்சள் சிவப்பாகும், ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆவதுபோலத்தான். பதறாமல் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் ஊறவிட்டு, அலசி, நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். எங்கள் அப்பத்தா பொடி எதுவும் இல்லாமல் வளவில் (வீட்டு முற்றத்தில்) வெயிலில் விரித்தே மஞ்சளைப் போக்குவார். பொடி அந்த வேலையைச் சீக்கிரம் முடிக்கிறது, அவ்வளவுதான்.

கவுனி அரிசிக் கறை இன்னும் வேடிக்கை. ஊதாவாக இருந்தது சோப்புப் பட்டதும் நீலம் பாயும். அதுவும் இந்தப் பொடியில் போகிறது. காபி, வெற்றிலைச் சாறு, புதிதாக இருந்தால் போய்விடும். வரமிளகாய் எண்ணெய்க்கு மட்டும் முதலில் பாத்திரம் தேய்க்கிற சோப்பைத் தடவி எண்ணெயை எடுத்துவிடுங்கள். எண்ணெய் இருக்கிற இடத்தில் தண்ணீரும் ஏறாது, பொடியும் வேலை செய்யாது.

தோற்கும் இடம் வாழைக்கறை. இலை நறுக்கும்போதும் வாழைக்காய் அரியும்போதும் தெறிக்கிற பால் காய்ந்து கறுத்துவிட்டால், பழுப்பாக மங்குமே தவிரப் போகாது. நாங்கள் அந்த வேலைக்கென்று கறுப்புக் கைலி ஒதுக்கிவிட்டோம். துருக்கறையும் இதற்கு அடங்காது. அதற்கு எலுமிச்சையும் உப்பும்தான். ஆனால் அதை வீட்டுக்குள் செய்யாதீர்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் தரைக்குப் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்தது, எலுமிச்சைச் சாறு சொட்டினால் மேற்பூச்சை அரித்துத் தடம் விழும். துணி வெளுக்கப் போய்த் தரையைக் கெடுத்துக்கொண்ட வீடுகள் இங்கே உண்டு.

பட்டு, கம்பளி இரண்டிலும் பொடியைக் காட்டவே கூடாது. கண்டாங்கிச் சேலை பருத்திதான், என்றாலும் அரக்குச் சிவப்பும் கறுப்பும் உள்ள புதுச்சேலையில் சாயம் இறங்கலாம். உள்மடிப்பு ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

பழைய பிளீச்சிங் பவுடர் இதைவிட ரொம்ப மலிவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நாற்றமும், வேட்டி நைந்துபோவதும் எனக்கு ஆகவில்லை. இதில் நாற்றம் கிடையாது. அளவுக் கரண்டி ஒன்று டப்பாவுக்குள் போட்டிருக்கலாம், இந்த விலைக்கு அதுகூடவா இல்லை!

ஒரு எச்சரிக்கை: கரைத்த தண்ணீரை மிச்சம் பிடித்துப் பாட்டிலில் மூடி வைக்காதீர்கள். உள்ளே ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும், பாட்டில் உப்பி வெடிக்கும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கரைத்து, மீந்ததைக் கொட்டிவிடுங்கள். ஈரக் கரண்டியையும் டப்பாவுக்குள் விடாதீர்கள்.